வீட்டில் ஒரு நாழிகை

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் எட்டாத கிராமம் அரிது. பள்ளிக்கூடத்தில் பெயர் பதியப்படாத குழந்தையும் அரிது. இந்த அளவில் நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் அவ்வாறு பெயர் பதியப்பட்ட குழந்தை, ஒரு பக்கத்தைத் தானாக எடுத்து வாசித்துப் பொருள் சொல்லுகிறதா என்று கேட்போமாயின், நமது பெருமை வெகுவாகக் குன்றிவிடுகிறது. பிரதம் என்னும் ஸ்தாபனத்தார் 2005-ஆம் ஆண்டு முதல் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, குழந்தைகளின் கையில் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கணக்கெடுத்து வருகின்றனர். 2018-இல் நம் கிராமங்களில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் நூறு பேரில் சுமார் 10 பேரே இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசித்தனர். பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடிக் கிடந்ததன் பின், 2022-இல், அத்தொகை 5-க்கும் கீழே இறங்கிற்று. 2024-இல் 12 வரை ஏறிற்று. ஏறியது நல்ல செய்தியே. எனினும் எஞ்சிய 88 குழந்தைகளை மறந்துவிட்டு மகிழ்வதற்கு நமக்கு மனம் இடங்கொடுக்கவில்லை. இக்கணக்கெடுக்கும் முறையைப்பற்றி விவாதிப்போர் உளர், விவாதிக்கட்டும். நேயர்களில் எவரும் தம் தெருவில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையை அழைத்து, அது அதுகாறும் கண்டிராத நான்கு வரிகளை வாசிக்கச் சொல்லிப் பார்த்தால், விவாதத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

அரசாங்கத்தார் கைகட்டி நின்றார்கள் என்று நாம் சொல்லவில்லை. 2021 அக்டோபரில் விழுப்புரம் ஜில்லாவில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டம் தொடங்கப்பெற்றது. முதலில் 12 ஜில்லாக்களில் நடத்திப் பார்ப்பதென்று தீர்மானித்தபோது காஞ்சிபுரமும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. மாலை வேளையில் ஒன்றரை மணி நேரம்வரை, ஒரு தன்னார்வலர் சுமார் 20 குழந்தைகளைக் கூட்டிவைத்துக் கற்பிப்பது; அவருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. இது எளிய ஏற்பாடு; ஆகவே நல்ல ஏற்பாடு. 2022-இல் ஆரம்ப வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்தது. 2025-க்குள் எட்டு வயது நிரம்பிய ஒவ்வொரு குழந்தையும் எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் அறிந்திருக்கவேண்டும் என்பது அதன் குறிக்கோள். அந்த ஆண்டு வந்து போயிற்று. பள்ளிகள் பழையபடி நடக்கத் தொடங்கியபின் இல்லம் தேடிக் கல்வி மையங்களின் தொகையும் சுருங்கிற்று. இதற்கிடையில் டில்லிக்கும் கோட்டைக்கும் மூண்ட வழக்கில் 2024-25-ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி ரூபாய்க் கல்விப் பணம் நிறுத்திவைக்கப்பட்டது. யார் பக்கம் நியாயம் என்பதை இங்கே ஆராய நாம் முற்படவில்லை. மூன்றாம் வகுப்புக் குழந்தை மூன்றாம் வகுப்பில் இருப்பது ஓர் ஆண்டுதான். அந்த வழக்கு முடியும்வரை அது காத்திராது என்பதை மட்டும் இரு தரத்தாருக்கும் நினைப்பூட்டுகிறோம்.

பள்ளியில் நடப்பது போதவில்லையென்றால், வீட்டில் பெற்றோர் கவனிக்கவேண்டும் என்று சொல்லுவது இந்நாளில் ஒரு வழக்கமாகிவிட்டது. உபாத்தியாயர்கள் சொல்லுகிறார்கள், அதிகாரிகள் சொல்லுகிறார்கள், மேடைப் பிரசங்கிகளும் சொல்லுகிறார்கள். தினந்தோறும் அரை மணி நேரம் குழந்தையின் அருகில் அமர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள் என்கிறார்கள். உபதேசம் சரியானதே. நம் முன்னோர் நாழிகை என்று வழங்கிய 24 நிமிஷமே போதும் என்று நாமும் நம்புகிறோம். ஆனால் எந்த வீட்டில், எந்தப் பொழுதில், யார் அமர்வது என்ற கேள்வியை உபதேசிகள் கேட்பதில்லை. அதைக் கேட்பதற்கு வாலாஜாபாத்தைப்போல் பொருத்தமான ஊர் வேறொன்றை நாம் அறியோம்.

பாலாற்றங்கரையில், செங்கற்பட்டுக்கும் காஞ்சிக்கும் இடையே அமைந்த இவ்வூர், ஆர்க்காட்டு நவாபு முகமதலி வாலாஜாவின் பெயரைத் தாங்கியது. கும்பினியாரின் தண்டு இறங்கிய இடம். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் மாசிலாமணி முதலியார் நடத்திய இந்துமத பாடசாலையின் புகழால் இதன் பெயர் தமிழ்நாட்டுக் கல்விமான்களிடையே நன்கு தெரிந்திருந்தது. இன்றோ இவ்வூரின் பெயர் வேறு காரணத்தால் வழங்குகிறது. வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வரும் பெருஞ்சாலை இங்கே வந்து முடிகிறது. கருங்கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் அல்லும் பகலும் ஓடுகின்றன. சுற்றுப்புறத்து ஆலைகளில் செய்யப்பட்ட மோட்டார் கார்கள் வாலாஜாபாத் ரெயில் நிலையத்தில் வண்டியேறி வட தேசங்களுக்குப் போகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய்க் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கியது முதல், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது ஈறாக, ஒரு தலைமுறைக்குள் இவ்வட்டாரத்தின் வாழ்க்கை முறையே மாறிவிட்டது. ஏரிப் பாசனத்தையும் தறியையும் நம்பியிருந்த குடும்பங்கள் மாதச் சம்பளத்தைக் கண்டன. இதை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டபோது, அந்தச் சம்பளம் எவ்வளவு அருமையானது என்பதை ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் உணர்ந்தார்கள்.

இந்தச் சம்பளத்தோடு கூடவே வந்தது ஷிப்டு. காலை ஷிப்டுக்குப் போகிறவர்களைக் கம்பெனி பஸ் விடியுமுன் ஏற்றிக்கொண்டு போகிறது. மதிய ஷிப்டுக்குப் போனவர்கள் வீடு சேரும்போது குழந்தை தூங்கிவிடுகிறது. இரவு ஷிப்டு முடித்தவர்கள் பகலில் தூங்குகிறார்கள். வாரத்துக்கு வாரம் முறை மாறும். கணவன் ஓர் ஆலையிலும் மனைவி வேறோர் ஆலையிலும் வேலை பார்த்தால், இருவரும் ஒருங்கே விழித்திருக்கும் நேரம் வாரத்தில் எத்தனை நாழிகை என்று எண்ணிச் சொல்லிவிடலாம். அந்த நாழிகைகளிலும் சமையலுண்டு, தண்ணீர் பிடித்தலுண்டு, கூட்டுறவுக் கடையுண்டு. குழந்தையின் புத்தகம் அவ்வரிசையில் கடைசியில் நிற்கிறது. இதைத் தாய்மாரின் அசிரத்தை என்று சொல்லுகிறவர்கள் ஒரு வாரம் அந்தப் பஸ்ஸில் போய் வந்து பிறகு பேசலாம்.

வீட்டுக் கல்வி என்பது நமக்குப் புதிதன்று. சர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணக் கவர்னராயிருந்தபோது, 1822-இல், ஜில்லாக் கலெக்டர்களிடம் பள்ளிக்கூடங்களின் கணக்கைக் கேட்டார். 1826-இல் அவர் எழுதிவைத்த குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஏறத்தாழ ஆயிரம் ஜனங்களுக்கு ஒரு பள்ளி. அக்கணக்கில் நம் கவனத்தைக் கவர்வது மற்றொரு செய்தி. சென்னை நகரில் வீட்டிலேயே கற்பிக்கப்பட்டவர்களின் தொகை 26,000-க்கு மேல். பள்ளியில் படித்தவர்களைப்போல் சுமார் ஐந்து மடங்கு! இத்தொகையில் பிழையிருக்கலாமென்று மன்றோவே ஐயுற்றார். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும், கல்வி என்பது பெரும்பாலும் வீட்டுக்குள் நடந்தது என்பதில் தடையில்லை. அந்நிய ஆட்சியில் நம் கல்வி என்னும் மரம் பட்டுப்போயிற்று என்று 1931-இல் லண்டனில் காந்தியடிகள் பேசியபோது, இத்தகைய கணக்குகளைக் குறித்தே பெரிய வாதம் மூண்டது.

ஆனால் அந்த வீடுகள் எந்த வீடுகள்? உண்மையை மறைத்துத் தேசாபிமானம் பேசுவதில் பயனில்லை. கற்றறிந்த தந்தையோ பாட்டனோ உள்ள வீடுகள். கூலிக்கு ஓடாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கத்தக்க வசதியுள்ள வீடுகள். அங்கேயும் படித்தவர்கள் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளே. சேரிக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இருக்கவில்லை. எனவே, வீட்டிலே படிப்பித்தல் என்ற நம் பழைய செல்வம், பொழுது என்னும் மற்றொரு செல்வத்தின் மேல் கட்டப்பட்டிருந்தது. இன்று எல்லார் வீட்டுக் குழந்தையும் படிக்கவேண்டுமென்று சட்டம் செய்துவிட்டோம். பொழுதை யாரும் பங்கிடவில்லை.

இன்னொரு பழைய வழக்கம் நமக்கு அதிக உதவியாகும். 1789 முதல் சென்னை எழும்பூரில் பட்டாளத்து அநாதைப் பிள்ளைகளின் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நமது திண்ணைப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் கையாண்டார். மூத்த பிள்ளைகளை இளையவர்களுக்குக் கற்பிக்கச் செய்தார். 1797-இல் லண்டனில் அதைப்பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் ஆயிரக்கணக்காகப் பரவிற்று. நம் நாட்டில் சட்டாம்பிள்ளை என்றாலே பிரம்பும் அதிகாரமும்தான் நினைவுக்கு வருகின்றன. அவன் கற்பித்ததை மறந்துவிட்டோம். தாய் ஷிப்டுக்குப் போயிருக்கும் வீட்டில், ஏழாம் வகுப்புப் படிக்கும் அக்காள் இரண்டாம் வகுப்புத் தம்பியை வாசிக்கச் சொல்லிக் கேட்பது இருவருக்குமே நன்மை. கற்பிக்கிறவள் தான் கற்றதை உறுதி செய்துகொள்ளுகிறாள். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. அக்காளின் தலையில் சமையல், துணி, கைக்குழந்தை, தம்பியின் படிப்பு எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, அவளுடைய படிப்பைக் கெடுக்கும் வழக்கம் நம்மிடம் ஏராளமாக உண்டு. நாம் கேட்பது ஒரு நாழிகை மட்டுமே. அதுவும் அவளுக்குப் பரீட்சை இல்லாத நாட்களில்.

வாசிப்பதைக் கேட்பதற்கு இவ்வளவு முக்கியம் ஏன் என்று சிலர் வினவலாம். தமிழ் வாசிப்பின் இயல்பைச் சிறிது யோசித்தால் விளங்கும். 247 எழுத்துக்களின் வடிவத்தைக் கற்பது முதற்படி. அதன்பின் ஒரே எழுத்துக்கு இடத்துக்கேற்ற ஒலி வேறுபடுவதைக் கற்கவேண்டும். கடல், அகல், தங்கம் என்ற மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. அதற்கும் மேலாக, வீட்டில் 'வந்துட்டாங்க' என்று கேட்டுப் பழகிய காது, புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்' என்பதைச் சந்திக்கிறது. தெலுங்கோ உருதுவோ பேசும் வீடுகளின் பிள்ளைகளுக்கும், செங்கல் சூளைகளுக்கு ஒரிஸ்ஸாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் இத்தொலைவு இன்னும் பெரிது. எழுத்தெழுத்தாகக் கூட்டிப் போகும் குழந்தை, வாக்கியத்தின் முடிவை அடையுமுன் ஆரம்பத்தை மறந்துவிடுகிறது. நம் பாஷையிலோ வினைச்சொல் கடைசியில் வருகிறது. நரி திராட்சையைத் தின்றதா, விட்டுப் போயிற்றா என்பது இறுதிச் சொல்லை எட்டியவருக்கே தெரியும். ஆகையால் வேகம் என்பது அலங்காரமன்று. அது இல்லாமல் பொருளே இல்லை. வேகமோ பழக்கத்தால் மட்டும் வருவது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் நாள்தோறும் உரக்க வாசிக்க எத்தனை நிமிஷம் கிடைக்கும்? ஒரு நிமிஷம், சில நாட்களில் அதுவும் இல்லை. வீட்டில் ஒரு நாழிகை வாசித்தால் வகுப்பில் ஒரு மாதத்தில் கிடைப்பதற்குச் சமமான பழக்கம் அன்றே கிடைத்துவிடுகிறது.

இதற்குக் கேட்கும் காது ஒன்று வேண்டும். படித்த காதாக இருக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தமில்லை. இதை நாம் அழுத்திச் சொல்லுகிறோம். எழுத்தறியாத பாட்டியும் பேரனின் வாசிப்பைக் கேட்கலாம். கதை தடுமாறும் இடத்தை அவள் காது காட்டிக்கொடுத்துவிடும். "என்னடா இது, நரிதானே பேசிச்சு, காக்கா எங்கே வந்தது?" என்று அவள் கேட்டால், பிள்ளை மறுபடி அந்த வரிக்குத் திரும்புவான். அந்தத் திரும்புதல்தான் கல்வி. விரலை வரியின் கீழ் வைத்து வாசிக்கச் சொல்லலாம். ஒரே பக்கத்தை மூன்று நாள் வாசிக்கவிடலாம். மூன்றாம் நாள் பிள்ளைக்கே தன் முன்னேற்றம் தெரியும். தவறுக்குத் தவறு தலையில் குட்டினால் நான்காம் நாள் புத்தகம் பரணுக்குப் போய்விடும். இன்னொன்று: நம் பிள்ளைகளில் பலர் பாடத்தை நெட்டுருப் போட்டு, பக்கத்தைப் பார்த்தவாறே ஒப்பிக்கிறார்கள், பெற்றோர் அதை வாசிப்பென்று எண்ணி மகிழ்கிறார்கள். நடுவில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும். நான்கு பக்கம் பார்த்தெழுதுவதும் வாசிப்பாகாது. வீட்டுப்பாடம் என்ற பெயரால் அதைத் தினமும் கொடுக்கும் பள்ளிகள், குழந்தையின் ஒரே ஒரு நாழிகையை விரல் வலிக்குச் செலவிடுகின்றன.

கையில் சற்றுப் பணம் சேர்ந்த குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் என்ன செய்கின்றன? ஆங்கிலப் போதனைப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்து, மாலையில் டியூஷனுக்கும் அனுப்புகின்றன. அரசாங்கப் பள்ளிகளும் 2012-13 முதல் ஆங்கில வழி வகுப்புகளைத் திறந்து இந்தப் போட்டியில் இறங்கின. ஆங்கிலம் கற்கவேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆலைகளின் வாயிலில் அதற்குள்ள மதிப்பைப் பெற்றோர் கண்ணால் காண்கிறார்கள். ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கு முதல் வாசிப்பையே ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டால், வீட்டிலுள்ள தாய், தந்தை, பாட்டி ஆகிய மூவரும் ஒரே நாளில் செவிடர்களாக்கப்படுகிறார்கள். நரியா காக்கையா என்று கேட்க அவர்களால் இயலாது. பிறகு அந்தக் காதை மாதச் சம்பளத்தில் விலைக்கு வாங்கவேண்டியிருக்கிறது. டியூஷன் என்பது பெரும்பாலும் இதுதான். தமிழில் சரளமாக வாசிக்கும் பிள்ளை ஆங்கிலத்தையும் விரைவில் வாசிக்கும். எழுத்திலிருந்து பொருளுக்குப் போகும் வழியை அது ஒருமுறை கண்டுகொண்டது. தமிழையும் வாசிக்காமல் ஆங்கிலத்தையும் வாசிக்காமல், இரண்டிலும் பலகையைப் பார்த்தெழுதத் தெரிந்த பிள்ளைகளை உண்டாக்குவது கல்வியாகாது.

கேட்கும் காது கிடைத்தாலும் வாசிக்கப் புத்தகம் வேண்டும். பாடப்புத்தகம் தவிர வேறு அச்சுத்தாள் இல்லாத வீடுகளே அதிகம். 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் நூல்களை மாட்டு வண்டியிலேற்றி ஊர் ஊராக அனுப்பினார். ரங்கநாதன் அதற்கு உற்ற துணையாயிருந்தார். 1948-இல் சென்னைச் சட்டசபை பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியாவில் வேறெந்த மாகாணமும் அதற்கு முன் அவ்வாறு செய்ததில்லை. அன்று முதல் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறோம். 2023-இல் பள்ளிக் கல்வித் துறையார் 'வாசிப்பு இயக்கம்' என்ற பெயரால் சிறு சிறு கதைப் புத்தகங்களை வெளியிட்டனர். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக அவற்றை வகுத்தது அழகிய யோசனை, பெயரிட்டவரைப் பாராட்டுகிறோம். அப்புத்தகங்கள் பள்ளி அலமாரியில் பத்திரமாக இருப்பதைவிட, வீட்டுக்குப் போய்க் கிழிந்து வருவதே நமக்கு உகந்தது. கிழிந்த புத்தகத்துக்குத் தலைமையாசிரியர் பதில் சொல்லவேண்டும் என்ற விதி இருக்குமானால், அந்த விதியை முதலில் கிழிக்கவேண்டும். நூலகங்களும் ஆலைத் தொழிலாளி வீட்டிலிருக்கும் நேரத்தைப் பார்த்துத் திறக்கவேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வாலாஜாபாத்துக்கு அணித்தாயுள்ள நெய்யாடுபாக்கம் என்ற சிற்றூரில் 1912-இல் பிறந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. காமராஜர் முதன்மந்திரியாயிருந்தபோது கல்வி இயக்குநராயிருந்து, பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தை நாடெங்கும் நடத்திக் காட்டியவர் அவர். குழந்தைக்குச் சோறு போடுவது தாயின் கடமை. சர்க்காரின் கடமையன்று என்று 1956-இல் சொன்னவர்கள் இல்லாமலில்லை. தர்க்கரீதியாக அவர்கள் சொன்னது தவறென்றும் கூறமுடியாது. ஆனால் பானையில் அரிசி இல்லாத தாய்க்கு அந்தக் கடமையை நினைவூட்டுவதால் குழந்தையின் பசி அடங்கவில்லை. ஆகவே ஊராரும் அரசாங்கமும் அந்தக் கடமையில் பங்கெடுத்துக்கொண்டார்கள். 1982-இல் சத்துணவாக அது விரிந்தது. 2022-இல், விடியுமுன் வேலைக்கு ஓடும் பெற்றோரின் குழந்தைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வருவதைக் கண்டு, காலைச் சிற்றுண்டியும் சேர்க்கப்பட்டது. தாய்மார் சமைப்பதை விட்டுவிட்டார்களா? இல்லை. இயலாத வேளையில் இன்னொரு அடுப்பு எரிகிறது, அவ்வளவே.

வாசிக்கும் நாழிகையையும் நாம் அவ்விதமே கருதவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். வீட்டில் காது கிடைக்கும் நாளில் வீட்டிலே நடக்கட்டும். கிடைக்காத நாளில் தெருவிலே ஒரு காது கிடைக்கவேண்டும். அதற்குப் பொதுப் பணம் செலவாகவேண்டும். இல்லம் தேடிக் கல்வி இதைத்தான் செய்தது. பெருந்தொற்றுக் காலத்து இழப்பை ஈடுசெய்வதற்கான தற்காலிக மருந்து என்று அதை எண்ணியதே கோளாறு. வாலாஜாபாத் போன்ற இடங்களில் நோய் தற்காலிகமானதன்று. ஷிப்டு உள்ளவரை அது இருக்கும்.

ஷிப்டைப்பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஏப்ரலில், ஆலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா ஒன்று நமது சட்டசபையில் நிறைவேறிற்று. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன, சில நாட்களில் அதை நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தார்கள். அப்போது எழுந்த வாதங்களில் உடல்நலம் பேசப்பட்டது, கூலி பேசப்பட்டது. குழந்தையின் படிப்பைப்பற்றிப் பேசியவர் மிகச் சிலரே. பன்னிரண்டு மணி வேலையும், அதன் முன்னும் பின்னும் பஸ் பிரயாணமும், எட்டு மணி உறக்கமும் போனால் ஒரு நாளில் மிஞ்சுவதென்ன? இத்தகைய யோசனை மீண்டும் எந்த உருவத்தில் வந்தாலும், தொழில் இலாகாவின் அபிப்பிராயத்தோடு கல்வி இலாகாவின் அபிப்பிராயத்தையும் கேட்டபிறகே சபை அதை எடுத்துக்கொள்ளவேண்டும்.

முதலாளிகளுக்கும் இதில் பொறுப்புண்டு. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடவேண்டும்; கல்வியும் அவற்றுள் ஒன்று. இப்பணத்தால் பள்ளிகளுக்குப் பெஞ்சுகளும் வர்ணமடித்த சுவர்களும் கணிப்பொறித் திரைகளும் வருகின்றன. நல்லவையே. ஆயினும் புகைப்படத்தில் தெரியும் தானங்களுக்கே பணம் எளிதில் கிடைக்கிறது என்பதையும் காண்கிறோம். ஓர் இளம் பெண் சாயங்காலம் கோயில் மண்டபத்தில் இருபது பிள்ளைகளின் வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பது புகைப்படத்துக்கு அவ்வளவு எடுப்பாயிராது. மேலும், பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ முடித்த அந்தப் பெண்ணைத்தான் கம்பெனி பஸ்ஸும் அழைக்கிறது. மாதம் 1,000 ரூபாயைக் காட்டி அவளைக் கிராமத்தில் நிறுத்திவைக்க முடியாது. கிராமத்தின் காதையே ஆலை எடுத்துக்கொண்டுவிட்டது. அதற்கு ஆலை ஈடு கொடுப்பதில் அநியாயம் ஒன்றுமில்லை.

கைப்பேசி இருக்கிறதே, அது கதை சொல்லுமே, பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் திருத்தவும் செய்யுமே என்பார் சிலர். அத்தகைய கருவிகள் உண்டு. நாம் அவற்றுக்குப் பகைவரல்லர். ஷிப்டுக்குப் போன தாய், பிள்ளை வாசித்ததைப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லி, உணவு இடைவேளையில் கேட்கலாம். இது நல்ல யுக்தி. ஆனால் ஆலைக்குள்ளே கைப்பேசியை எடுத்துச் செல்ல விடாத இடங்களும் உண்டு. வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து, அது தகப்பனோடு போய்விட்டால் யுக்தி அத்துடன் முடிந்தது. அது வீட்டிலேயே இருந்தாலும், எட்டு வயதுப் பிள்ளை தனியாக அதைக் கையில் வைத்துக்கொண்டு கதையை மட்டும் பார்க்கும் என்று நம்புகிறவர்களோடு வாதிட நமக்குத் திறமை போதாது.

ஒரு சிறு கணக்கைச் சொல்லுகிறோம். ஊக்கத்தொகையை இரட்டித்து மாதம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுவோம். ஒருவருக்கு ஆண்டுக்கு 24,000 ரூபாய். வாலாஜாபாத் ஒன்றியத்தில் சுமார் அறுபது ஊராட்சிகள். ஊராட்சிக்கு இருவர் வீதம் 120 பேர். மொத்தம் 28,80,000 ரூபாய். ஒருவரிடம் இருபது பிள்ளைகள் வீதம் 2,400 பிள்ளைகள் நாள்தோறும் வாசிப்பார்கள். பத்து லட்சம் ரூபாய் விலையுள்ள மோட்டார் கார்கள் மூன்று இந்தச் செலவுக்கு மேலேயே வரும். அந்நேரம் மாலை ஐந்து மணியாகத்தான் இருக்கவேண்டுமென்பதில்லை. காலை ஷிப்டுக்காரர்களின் தெருவில் பள்ளிக்கு முன்னும், மற்றத் தெருக்களில் பின்னும், எல்லாரும் வீட்டிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் தாய் தந்தையரையும் கூட உட்காரவைத்தும் நடத்தலாம். வாரத்துக்கொருமுறை முறை மாறும் ஆலைகள் தங்கள் ஷிப்டு அட்டவணையை ஊராட்சிகளுக்கு முன்கூட்டியே அனுப்பினால், எந்தத் தெருவில் எந்த வாரம் காது தேவை என்பது தெரிந்துவிடும். காஞ்சிபுரம் ஜில்லாக் கலெக்டர், ஆலை நிர்வாகிகளையும் முதன்மைக் கல்வி அதிகாரியையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து, கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்குமுன் இதற்கு ஒரு பதில் வாங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.